கணிப்பொறியில் நிரம்பி வழியும் எண்கள்

2005ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26ஆம் நாள் மும்பையில் பெய்த மழையை அந்நகர மக்கள் எளிதில் மறவார். சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில், மறுநாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில், 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி ஆறு பெருக்கெடுத்துத் தாராவியை ஒட்டிய தாழ்ந்த பகுதிகளில் புகுந்தது. இரயில் போக்குவரத்து நின்றது. வீடு திரும்ப வழியின்றிப் பலர் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இரவைக் கழித்தனர். அதே 24 மணி நேரத்தில், நகரின் தென்கோடியில் கடலை ஒட்டியுள்ள கொலாபா நிலையத்தில் பதிவான மழையோ சுமார் 73 மில்லிமீட்டர் மட்டுமே.

இவ்விரு எண்களையும் முன்வைத்து ஒரு மழைமானியைக் கற்பனை செய்துகொள்ளலாம். அன்று அந்நிலையங்களில் இருந்த கருவிகளுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இக்கற்பனைக் கருவி மழையளவைத் தானே எண்ணிச் சிறு கணிப்பொறி ஒன்றில் சேர்த்து வைக்கிறது. நுட்பம் கருதி, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை ஓர் அலகாகக் கொள்கிறது. எண்ணை வைக்க ஒதுக்கப்பட்ட இடம் 16 இரும இலக்கங்கள். அவ்விடத்தில் 0 முதல் 65,535 வரை உள்ள எண்களை வைக்கலாம், அதாவது 655.35 மில்லிமீட்டர் வரை குறிக்கலாம்.

கொலாபாவில் இக்கருவி அன்று 7,300 என்று சரியாகவே காட்டியிருக்கும். கொலாபா கண்ட மிகப் பெரிய ஒருநாள் மழைகளுள் ஒன்று 1974ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் பெய்த 575.6 மில்லிமீட்டர் மழையாகும். அதையும் அது பிழையின்றிக் காட்டியிருக்கும். ஆனால் சாந்தாகுரூஸில் எண்ண வேண்டியவை 94,400 அலகுகள். 65,535ஐ எட்டியதும் எண்ணி 0 ஆகி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருக்கும். நாள் முடிவில் அதில் எஞ்சியிருக்கக்கூடியது 28,864, அதாவது 288.64 மில்லிமீட்டர்.

இப்பிழையின் தன்மையைச் சற்று உற்றுநோக்க வேண்டும். 288.64 என்பது மும்பையின் மழைக்காலத்தில் நம்பத்தக்க எண். கருவி நிற்கவில்லை, சிவப்பு விளக்கு எரியவில்லை, ஏட்டில் எழுதுபவர் ஐயுறக் காரணம் ஒன்றும் இல்லை. உண்மையில் பெய்த மழையில் மூன்றில் இரண்டு பங்கு காணாமற்போனது மட்டும் எவர் கண்ணுக்கும் படாது. கணிப்பொறியியலில் இது நிரம்பிவழிதல் எனப்படும்.

எண்ணும் கலமும்

கணித நூலில் உள்ள முழுவெண்களுக்கு முடிவில்லை. கணிப்பொறியில் உள்ள முழுவெண்களுக்கு முடிவு உண்டு. கணிப்பொறியின் நினைவகம் ஒரே அளவான கலங்களால் ஆயது. ஒவ்வொரு கலத்திலும் இத்தனை இரும இலக்கங்களே கொள்ளும் என்பது பொறியை அமைத்தபோதே முடிவாகிவிடுகிறது. பழைய மோட்டார் வண்டிகளில் தூரம் காட்டும் ஐந்து சக்கரங்கள் 99,999க்குப் பின் 00,000 காட்டுவதும் இதே காரணத்தால்தான். ஓட்டுநர் வண்டியின் வயதை அறிந்திருப்பதால் ஏமாறுவதில்லை. கணிப்பொறிக்கு அவ்வறிவு இல்லை.

பள்ளி ஆசிரியர் இதனைக் கருவியொன்றும் இன்றி வகுப்பிலேயே காட்டலாம். நான்கு மாணவரை வரிசையாக நாற்காலிகளில் அமரச் செய்க. அமர்ந்திருப்பது 0, நிற்பது 1. வலக்கோடியில் உள்ள மாணவர், ஆசிரியர் மேசையைத் தட்டும்தோறும் நிலைமாற வேண்டும்: அமர்ந்திருந்தால் எழ வேண்டும், நின்றால் அமர வேண்டும். மற்ற ஒவ்வொருவரும் தமக்கு வலப்புறம் உள்ளவர் எழும்போது வாளா இருந்து, அவர் அமரும்போது மட்டும் நிலைமாற வேண்டும். பதினைந்து தட்டுகளில் நால்வரும் நிற்பர். பதினாறாவது தட்டில் நால்வரும் ஒருவர்பின் ஒருவராக அமர்ந்துவிடுவர். எழ வேண்டிய ஐந்தாம் மாணவர் அங்கே இல்லை. பதினாறு என்பதும் சுழி என்பதும் அவ்வரிசைக்கு ஒன்றே.

குறை எண்களையும் அதே நால்வரைக் கொண்டே குறிக்க வேண்டுமாயின், இடக்கோடியில் நிற்பவருக்கு +8க்கு மாறாக −8 என்னும் மதிப்பைத் தருவது வழக்கம். அப்போது −8 முதல் +7 வரை குறிக்கலாம். இனி 7ஓடு 1ஐக் கூட்டிப் பார்க்க: வலப்புறம் உள்ள மூவரும் அமர, இடக்கோடியில் உள்ளவர் மட்டும் எழுகிறார். விடை −8. மிகப் பெரிய கூட்டெண்ணோடு ஒன்றைச் சேர்த்தால் மிகப் பெரிய குறையெண் கிடைக்கும் விந்தையைப் பார்த்து மாணவர் சிரிப்பர். இன்று மிகுதியாக வழங்கும் 32 இலக்கக் கலத்திலும் இதுவே நிகழ்கிறது. அங்கே எல்லை 214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647 என்பது ஒன்றே வேறுபாடு.

கொலாபாவில் ஒரு பொறி

இவ்வெல்லையை நம் நாட்டில் முதன்முதல் நேர்நின்று கண்டவர்களுள் ஒரு குழுவினர் அதே மும்பையில், அன்றைய பம்பாயில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினர். சென்னையில் 1926இல் பிறந்த ஆர். நரசிம்மன் 1954இல் அந்நிலையத்தில் சேர்ந்தார். அவர் தலைமையில் இளம் விஞ்ஞானிகள் முதலில் ஒரு சிறு முன்மாதிரிப் பொறியை 1956இல் இயங்கச் செய்தனர். அதே ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் டிராம்பேயில் அப்சரா அணு உலையும் இயங்கத் தொடங்கிற்று என்பது இங்கு நினைக்கத்தக்கது. முழுப்பொறி 1960இல் பணிக்கு வந்தது. 1962ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயரிட்டார். சுமார் 2,700 வெற்றிடக் குழாய்கள் கொண்ட அப்பொறியில் ஒவ்வொரு கலமும் 40 இரும இலக்கங்களைக் கொள்ளும். விரிவாக்கத்திற்குப்பின் அத்தகைய 2,048 கலங்கள் அதில் இருந்தன.

அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் தோன்றிய ஒரு பொறி மரபைச் சேர்ந்தது அது. இம்மரபில் ஒரு கலத்தில் உள்ள எண், −1க்கும் +1க்கும் இடைப்பட்ட பின்னமாகவே கொள்ளப்பட்டது. எனவே 944 என்ற அளவைப் பொறிக்குள் இடுவதற்கு முன் அதனை ஆயிரத்தாலோ 1,024ஆலோ வகுத்து 1க்குக் குறைவாக்க வேண்டும். அத்தகைய பன்னிரண்டு எண்களைக் கூட்ட வேண்டுமாயின், தொகை 1ஐத் தாண்டாதபடி முன்னரே ஒவ்வொன்றையும் 16ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். மிகுதியாக வகுத்தாலோ, நுட்பம் கெடும். கணக்கின் ஒவ்வோர் அடியிலும் விடை எவ்வளவு பெரிதாகலாம் என்று கணித்து, அளவுக் காரணியைத் தாளில் குறித்துக்கொண்டே நிரல் எழுதுவோர் முன்னேற வேண்டியிருந்தது. இது சலிப்பூட்டும் வேலை. ஆயினும் நிரம்பிவழிதலை மறக்க எவருக்கும் அப்போது வாய்ப்பில்லை.

1964இல் அந்நிலையத்திற்கு சிடிசி 3600 என்னும் பெரிய கணிப்பொறி வந்தது. புள்ளியின் இடத்தைத் தானே நகர்த்திக் கணக்கிடும் ஆற்றல் அதற்கு இருந்ததால், பௌதிகக் கணக்குகளுக்கு அளவுக் காரணி தேட வேண்டிய தொல்லை ஒழிந்தது. ஆனால் பொருள்களை எண்ணும் எண்களும், நினைவகத்தில் இடத்தைக் குறிக்கும் எண்களும் இன்றளவும் முழுவெண்களாகவே உள்ளன. அவற்றின் கலங்கள் இன்றும் நிரம்பி வழிகின்றன. எல்லையைக் கணிக்கும் வேலை நின்றுபோனதோடு, எல்லை உண்டு என்ற நினைவும் நிரல் எழுதுவோரிடம் மங்கிவிட்டது எனில் மிகையாகாது.

அந்த மறதிக்கு உலகம் கொடுத்த விலைகளுள் பெரிது 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் நேர்ந்தது. ஐரோப்பிய நாடுகளின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதற்பயணத்தில் புறப்பட்டு ஒரு நிமிடங்கூட ஆகாமுன் நான்கு விஞ்ஞானத் துணைக்கோள்களோடு சிதறிற்று. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 64 இலக்கக் கலத்திலிருந்து 16 இலக்கக் கலத்திற்கு மாற்றியபோது அது கொள்ளவில்லை என்று விசாரணைக் குழு கண்டது. அந்நிரற்பகுதி ஏரியான் 4இல் பல முறை பறந்த பகுதி. அம்முன்னோடி ராக்கெட் தன் பாதையில் அத்துணைக் கிடைவேகத்தை எட்டாது. ஆகவே பழைய ராக்கெட்டில் பிழை தலைகாட்டவேயில்லை. கொலாபாவில் சோதித்த மழைமானியைச் சாந்தாகுரூஸுக்கு அனுப்பிய கதையே இதுவும். இன்னொன்றும் அறிக்கையில் உள்ளது: இவ்வாறு நிரம்பி வழியக்கூடிய ஏழு எண்கள் முன்னரே அடையாளம் காணப்பட்டு, அவற்றுள் நான்கிற்கு மட்டும் காப்பு அளிக்கப்பட்டிருந்தது. கணிப்பொறியின் வேலைப்பளுவைக் குறைக்க வேண்டி மற்ற மூன்றும் விடப்பட்டன.

முகவரியும் ஓர் எண்ணே

மழையளவு தவறினால் ஏட்டில் ஓர் எண் தவறும். தவறிய எண்ணே நினைவக முகவரியாகப் பயன்படுமானால் விளைவு வேறு.

முகவரியை எண்ணாக்கும் முறை இந்நாட்டவர்க்குப் பழக்கமானதே. 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 முதல் வழங்கும் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டில் தாராவி 400017 ஆகும். மாட்டுங்கா 400019 ஆகும். செம்பூர் 400071 ஆகும். தாராவியின் எண்ணோடு 2ஐக் கூட்டினால் மாட்டுங்கா கிடைக்கிறது. அண்டைப் பகுதிதான், கணக்குப் பொருந்துவதுபோல் தோன்றும். 1ஐக் கூட்டினாலோ, 400018, மேற்குக் கடற்கரையில் உள்ள வர்லி! கூட்டலில் பிழை ஏதும் இல்லை. முகவரி என்பது எண்ணின் உருவில் இருப்பதாலேயே அதன்மேல் எண் கணக்கு அனைத்தும் செல்லும் என்று கொண்டதே பிழை.

கணிப்பொறியின் நினைவகத்தில் ஓர் இடத்தைக் குறிக்கும் எண்ணுக்குச் சுட்டி என்று பெயர். பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி 1972ஐ ஒட்டி உருவாக்கிய சீ மொழியில், சுட்டியோடு எண்ணைக் கூட்டவும் கழிக்கவும் நிரலெழுதுவோருக்கு உரிமை உண்டு. இன்று கணிப்பொறிகளின் அடித்தள நிரல்களுள் பெரும்பகுதி இம்மொழியிலும் இதன் வழிவந்த மொழிகளிலும் எழுதப்பட்டதேயாகும். சுட்டியோடு 1ஐக் கூட்டினால் அது அட்டவணையின் அடுத்த உறுப்பைக் காட்டும். ஓர் உறுப்பு நான்கு பைட்டு இடம் கொள்ளுமாயின், முகவரி 4 உயரும். அட்டவணைக்குள்ளும் அதன் கடைசி உறுப்பை ஒட்டிய ஓர் இடம் வரையிலும் மட்டுமே சுட்டியை நகர்த்தலாம் என்பது விதி. அதற்கு அப்பால் முகவரியைக் கணிப்பதே விதிமீறல். எட்டு அறைகள் கொண்ட குடியிருப்பு வரிசையில் பத்தாவது கதவைத் தேடிச் செல்பவர் வெற்றிடத்தை அடைவதில்லை. அடுத்த வரிசையில் வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். சீ மொழி அவரைத் தடுப்பதில்லை. கதவு திறந்திருந்தால் உள்ளே பொருளையும் வைத்துவிட்டு வருவார்.

இவ்விடத்தில்தான் நிரம்பிவழிதலும் சுட்டிப் பிழையும் ஒன்றோடொன்று கைகோக்கின்றன. ஒரு கோப்பில் இத்தனை உறுப்புகள் உள்ளன என்று அதன் தலைப்பிலேயே எழுதப்பட்டுள்ளது எனக் கொள்க. ஒவ்வோர் உறுப்புக்கும் 16 பைட்டு வேண்டும். நிரல் இரண்டையும் பெருக்கி, அத்தனை பைட்டு இடம் தருமாறு பொறியைக் கேட்கிறது. தீய எண்ணம் கொண்ட ஒருவர் தலைப்பில் 26,84,35,457 உறுப்புகள் என்று எழுதி அனுப்புகிறார். பெருக்குத்தொகை 429 கோடியைத் தாண்டுகிறது. 32 இலக்கக் கலம் நிரம்பி வழிந்து, எஞ்சுவது வெறும் 16. பொறி 16 பைட்டு தருகிறது. நிரலோ தனக்கு இருபத்தாறு கோடி உறுப்புகளுக்கும் இடம் கிடைத்ததாக எண்ணி எழுதத் தொடங்குகிறது. இரண்டாம் உறுப்பிலிருந்தே அது எழுதுவதெல்லாம் பிறர் இடத்தில். அங்கே கடவுச்சொல் இருக்கலாம்; அடுத்து எந்தக் கட்டளை இயங்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்கலாம். 2015இல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் வெளிப்பட்ட ஸ்டேஜ்ஃபிரைட் என்னும் பாதுகாப்புக் குறைகளுள் இவ்வகையானவையும் அடங்கும்: தக்கவாறு புனையப்பட்ட ஒரு படக்கோப்பே போதுமாயிருந்தது.

எளிய நிரல்களும் இதற்கு விலக்கன்று. அகராதியில் சொல் தேடுவோர் நடுப்பக்கத்தைத் திறந்து, சொல் முன்னே உள்ளதா பின்னே உள்ளதா என்று பார்த்து, எஞ்சிய பாதியின் நடுவை மீண்டும் திறப்பர். கணிப்பொறியும் அவ்வாறே தேடும். நடுவைக் காணத் தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுப்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்த வழி. தொடக்கம் 150 கோடி, முடிவு 180 கோடி என்றால் நடு 165 கோடியாக வேண்டும். ஆனால் 330 கோடி என்னும் கூட்டுத்தொகை 32 இலக்கக் கலத்தில் கொள்ளாது குறையெண்ணாகிவிடுகிறது. பாதியாக்கினால் விடை −49,74,83,648. ஜாவா மொழியின் பொது நூலகத்திலேயே இப்பிழை பல ஆண்டுகள் கிடந்ததை, அந்நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006இல் தாமே வெளியிட்டார். ஜாவா மொழி எல்லையைச் சோதிப்பதால் நிரல் நின்றுவிடும். சீ மொழியில் அக்குறையெண் அட்டவணைக்கு முன்னால் எங்கோ உள்ள இடத்தைக் காட்டும். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, பாதியாக்கி, தொடக்கத்தோடு கூட்டுவது பிழையற்ற வழி.

வழிந்துவிட்டதா என்று பின்னர்ச் சோதித்தால் போதாதா என்னும் வினா இயல்பாக எழும். பலர் அவ்வாறே எழுதினர்: எண்ணோடு 100ஐக் கூட்டு; விடை பழைய எண்ணைவிடச் சிறிதானால் வழிந்துவிட்டது என்று கொள். சீ மொழியில் இச்சோதனை கேடு பயப்பது. குறியுடைய முழுவெண் வழிந்தால் என்ன ஆகும் என்பதை அம்மொழியின் தரநூல் வரையறுக்கவே இல்லை. எனவே நிரலைப் பொறிமொழிக்குப் பெயர்க்கும் கம்பைலர், அது ஒருபோதும் வழியாது என்று கொள்ள உரிமை பெறுகிறது. வழியாத எண்ணோடு 100ஐக் கூட்டினால் சிறிதாக முடியாது. ஆதலின் இச்சோதனை வீண் என்று முடிவுகட்டி அதனை நீக்கியும் விடுகிறது. காவலர் நிற்கிறார் என்று நிரலில் எழுதியிருக்கும். இயங்கும் பொறியில் காவலர் இரார். பாத்திரத்தில் எவ்வளவு இடம் மிச்சம் என்று ஊற்றுவதற்கு முன்னரே பார்க்க வேண்டும்: எண், எல்லையில் 100 குறைந்த அளவைவிடப் பெரிதா என்பதே கூட்டலுக்கு முன் கேட்கத்தக்க கேள்வி. இதற்கெனச் சோதனையோடு கூட்டும் கருவிகள் சீ மொழியின் 2024ஆம் ஆண்டுத் தரநூலில்தான் இடம் பெற்றன. அரை நூற்றாண்டுத் தாமதம் சிறிதன்று.

செம்பூரை அடுத்த டிராம்பேயில்

அணு உலையின் கட்டுப்பாட்டுக் கருவிகளில் கணிப்பொறி புகுந்தபோது, இத்தகைய பிழை எழாது என்ற நம்பிக்கை மட்டும் போதாதாயிற்று. எழாது என்பதற்கு நிரூபணம் வேண்டியிருந்தது. செம்பூருக்குக் கிழக்கே டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் உலைக் கட்டுப்பாட்டுப் பிரிவைச் சேர்ந்த பபிதா சர்மா, எஸ். டி. தோடப்கர் ஆகியோரும், பவாயில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த எஸ். ரமேஷும் இத்துறையில் செய்த பணி 2002இல் வெளியாயிற்று. ஏஸ் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அவர்களது கருவி, சீ மொழி நிரலை இயக்கிப் பார்க்காமலே தருக்க முறையில் ஆராய்கிறது.

அவர்கள் சீ மொழி முழுவதையும் எடுத்துக்கொள்ளவில்லை. மோட்டார் வண்டித் தொழிலுக்காகப் பிரிட்டனில் 1998இல் வெளியிடப்பட்ட மிஸ்ரா விதிகளுக்கு உட்பட்ட பகுதியையே கொண்டனர். சுட்டிக் கணக்கைத் தவிர்க்க வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. நிரல் ஓடும்போது நினைவகத்தில் புதிய இடம் கேட்டுப் பெறலாகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் மேலே கண்ட இடர்களின் வேரையே அறுக்கின்றன. மொழியின் வசதியை வேண்டுமென்றே குறைத்துக்கொள்வது நிரலெழுதுவோர் பலர்க்கு உவப்பானதன்று. ஆனால் உலையைக் காக்கும் நிரலில் வசதிக்கு முதலிடம் தருவது முறையன்று என்பதை எவரும் ஒப்புவர்.

ஒவ்வொரு நிரற்பகுதியின் தலைப்பிலும் அது தொடங்குமுன் மெய்யாயிருக்க வேண்டிய நிபந்தனையும், முடிந்தபின் மெய்யாக வேண்டிய நிபந்தனையும் எழுதப்படும். காட்டாக, இரு வெப்பமானிகளின் சராசரியைக் காணும் பகுதி ஒன்றுக்கு, இரு அளவுகளும் 0 முதல் 16,383 வரை இருக்க வேண்டும் என்பதை முன்நிபந்தனையாக வைக்கலாம். அவ்வாறாயின் கூட்டுத்தொகை 32,766ஐத் தாண்டாது. குறியுடைய 16 இலக்கக் கலத்தின் எல்லை 32,767 ஆதலின் அது வழியாது என்பது நிரூபணமாகிவிடும். முன்நிபந்தனையைக் காப்பது அப்பகுதியை அழைப்பவரின் பொறுப்பாகிறது. நூறாயிரம் முறை இயக்கிச் சோதித்தாலும் கிட்டாத உறுதியை இம்முறை தருகிறது. ஆனால் நிபந்தனைகளை எழுதும் உழைப்பு பெரிது. சிறிய, இன்றியமையாத நிரல்களுக்கே அவ்வுழைப்புத் தகும்.

இதன் அடிப்படையை 1969இல் வகுத்தவர் டோனி ஹோர் என்னும் ஆங்கிலேயர். அவரது கட்டுரையில் பலர் கவனியாது விடும் பகுதி ஒன்று உண்டு. பொறியின் எண்களுக்கு எல்லை உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டு, எல்லையைத் தாண்டும் கணக்கிற்கு மூன்று வழிகளை அவர் காட்டினார்: விடையே இல்லை என்று நின்றுவிடுவது, எல்லையெண்ணிலேயே தங்கிவிடுவது, சுழன்று மறுபடியும் தொடங்குவது. இன்றைய மொழிகள் இம்மூன்றுள் ஒன்றைத் தேர்கின்றன. ஏடா மொழி முதல் வழியைப் பின்பற்றிப் பிழையை உடனே அறிவிக்கிறது. ஒலியையும் ஒளியையும் கையாளும் பொறிகள் பல இரண்டாம் வழியை விரும்புகின்றன. ஒலி எல்லையில் தங்கினால் இரைச்சல் சிறிது, சுழன்றால் செவி பிளக்கும். சீ மொழியில் குறியற்ற எண்கள் சுழல்கின்றன. குறியுடையவற்றின் நிலை முன்னரே கூறப்பட்டது. 2015இல் முதற்பதிப்பாக வந்த ரஸ்ட் மொழி, சோதனைக் காலத்தில் நிரலை நிறுத்தியும், முழுவேகத்தில் ஓடும்போது வேறாகக் கேளாவிடில் சுழலவிட்டும் நடந்துகொள்கிறது. ஆயினும் அம்மொழியில், காப்பற்ற பகுதி என்று வெளிப்படையாகக் குறிக்கப்பட்ட இடங்களைத் தவிர, தவறிய எண்ணைக் கொண்டு அட்டவணைக்கு வெளியே செல்ல முடியாது. எல்லை ஒவ்வொரு முறையும் சோதிக்கப்படும். பைத்தான் மொழியில் முழுவெண்கள் வேண்டிய அளவு விரிந்துகொடுக்கின்றன. நேரமும் இடமும் அதற்கேற்பச் செலவாகின்றன.

களப் பணியில்

அளவுக் கருவிகளைக் கையாளும் பணியாளர்கள் இவற்றுள் எந்த மொழியையும் கற்க வேண்டுவதில்லை. கருவியின் கையேட்டில் எண்ணி எத்தனை இலக்கம் கொண்டது, அலகு யாது, எல்லையை எட்டியபின் அது நிற்குமா, தங்குமா, சுழலுமா என்று பார்த்துப் பதிவேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைத்தல் நன்று. மழைமானியாயின், எல்லையெண்ணை அலகால் பெருக்கி மில்லிமீட்டராக்கி, அவ்வட்டாரத்தில் இதுவரை பெய்த பெருமழையோடு மட்டுமன்றி அதைப்போல் இருமடங்கோடும் ஒப்பிட வேண்டும். கொலாபாவின் 575.6 ஐ மட்டும் அளவுகோலாகக் கொண்டிருந்தால் 655.35 என்னும் எல்லை போதுமானதாகவே தோன்றியிருக்கும். ஒருமுறை சுழன்றுவிட்டதாக ஐயம் எழுந்தால், அருகில் உள்ள சாதாரண மழைமானியின் கண்ணாடி அளவையே சான்று, அதனைக் கைவிடலாகாது.

கடிகாரம் உள்ள கருவிகளுக்கு இன்னொரு நாளும் குறித்துவைக்கத்தக்கது. பல கணிப்பொறிகள் 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கிக் கடந்த விநாடிகளை எண்ணி நாளையும் நேரத்தையும் கணிக்கின்றன. புதிய பொறிகளில் இவ்வெண்ணிக்கு 64 இலக்கக் கலம் உண்டு. பழையவற்றிலும் சிறு கருவிகள் பலவற்றிலும் இருப்பது குறியுடைய 32 இலக்கக் கலமே. அது 2038ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு நிரம்புகிறது. அன்று காலை 8.30 மணிக்கு எடுக்கும் மழையளவு சரியான நாளோடு பதிவாகும். மாற்றப்படாத கருவியில் அடுத்த நாள் 8.30 மணிக்கு எடுக்கும் அளவு 1901ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெய்த மழையாகப் பதிவாகும்.